பழம் தின்று கொட்டை போடுதல்

'பழம் தின்று கொட்டை போட்டவர்' என்று ஒருவரைக் குறிப்பிடும்போது அவருடைய அனுபவத்தை மெச்சுகிறோம். எங்கள் பாங்க்கில் முப்பது வருஷம் சர்வீஸ் போட்டவர்களைப் பற்றி இப்படித்தான் பேச்சு வரும். சொல்லிச் சொல்லித் தேய்ந்த தொடர். ஆனால் இதற்குள் ஒரு ஒழுக்க ஏற்பாடும் ஒளிந்திருப்பதாக எனக்குச் சில மாதங்களாகத் தோன்றிக்கொண்டிருக்கிறது. சதையை நீ எடுத்துக்கொள், கொட்டையை மண்ணில் விட்டுவிடு. மரத்துக்கும் தின்கிறவனுக்கும் இடையேயுள்ள ஒப்பந்தம் இது. இதை மீறாதவரை தின்கிறவன் பேரில் குற்றமில்லை. இந்த ஒப்பந்தம் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதுதான் என் கேள்வி. ஒரு ஓலைப்பெட்டி நிறைய வந்த அத்திப்பழங்கள் கிளப்பிவிட்ட கேள்வி இது. அந்தப் பெட்டியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தாவர சாஸ்திரத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, தின்கிறவன் நிலையிலிருந்து பார்க்கலாம். பழம் நம்மை அழைக்கிறது. நிறம், வாசனை, இனிப்பு, தொட்டால் அமுங்கும் மென்மை எல்லாமே அழைப்புகள். விதையைத் தூரத்துக்குக் கொண்டுபோக மரம் கொடுக்கிற கூலி அந்தச் சதை. கொட்டையிடம் இந்த அழைப்பு கிடையாது. கடினமான ஓடு, வாசனை இல்லை, நிறம் மண்ணின் நிறம். உள்ளே இருக்கும் பருப்பு நமக்காக வைக்கப்பட்டதல்ல. முளைக்கப்போகும் கன்றுக்கு மரம் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு அது. அதைத் தின்ன நமக்குக் கல்லோ பல்லோ வேண்டும். பழத்தைத் தின்கிறவன் விருந்தாளி என்றால் பருப்பைத் தின்கிறவன் பூட்டை உடைத்தவன். குளிர்தேசங்களில் ஓக் மரத்துக் கொட்டைகளை அணில் குளிர்காலத்துக்கென்று புதைத்துவைக்கிறது, சிலவற்றை மறந்துவிடுகிறது, மறந்தவை மரமாகின்றன. கொட்டைக்கும் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது என்று இதைச் சொல்லலாம். ஆனால் அது தின்கிறவனின் மறதியை நம்பிய ஒப்பந்தம்.

நம் மரபில் வனத்துக்குப் போன ரிஷி கனியும் கிழங்கும் தின்று வாழ்ந்தான் என்று சொல்வதில் இந்தப் பாகுபாடு உள்ளூர வேலை செய்கிறது. தானாகப் பழுத்துத் தானாக விழுந்ததை எடுத்துக்கொள்வதில் ஹிம்சை இல்லை. நெல் அப்படியல்ல; ஒவ்வொரு அரிசியும் முளைக்காமல் தடுக்கப்பட்ட ஒரு பயிர். ஆகவே விரத தினத்தில் அரிசிச் சோற்றை விட்டுப் பழ ஆகாரம் கொள்வது. பல ஆகாரம், 'பலம்' என்றால் வடமொழியில் பழம், அதுதான் நம் வாயில் 'பலகாரம்' ஆயிற்று. இன்று பலகாரம் என்றால் இட்லி, தோசை, அதிரசம், முறுக்கு. எல்லாம் அரிசியும் உளுந்தும். அதாவது குற்றமற்ற உணவுக்கு வைத்த பெயரை, அது எதை விலக்குவதற்காக ஏற்பட்டதோ அதன் மேலேயே ஒட்டிவிட்டோம். யாரும் திட்டமிட்டுச் செய்த மோசடியில்லை. பசிக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது, நல்ல பெயராகக் கிடைத்தது.

தமிழில் காய், பழம் என்ற பாகுபாடு காலத்தைப் பொறுத்தது. அதே பொருள்தான், நேற்று காய், இன்று பழம். கொட்டை என்பது இடத்தைப் பொறுத்தது: உள்ளே இருப்பது. மாங்கொட்டை, புளியங்கொட்டை என்று பழத்துக்குள்ளேயே கொட்டை வந்துவிடுகிறது. பழம் ஒரு ஜாதி, கொட்டை வேறொரு ஜாதி என்று பிரித்து வைக்கிற எண்ணம் நம் பேச்சில் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சண்டை போட்டால் 'காய்' விடுகிறார்கள், சமாதானமானால் 'பழம்' விடுகிறார்கள். மனசு கனிவதையும் பழத்தையும் ஒரே வார்த்தையில் அவர்கள் பிடித்துவிட்டார்கள். ஆனால் பழம் என்றாலே நல்லெண்ணம் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கமும் அங்கேயே ஆரம்பமாகிறது.

இப்போது தாவர சாஸ்திரத்தை உள்ளே விடலாம். அது வந்தவுடன் நாம் கட்டியது ஆட்டம் காண்கிறது. அதன் கணக்கில் கொட்டை என்பது கடினமான சுவருள்ள, தானாக வெடிக்காத, பெரும்பாலும் ஒற்றை விதையுள்ள ஒரு பழம். ஆக, கொட்டையே பழத்தின் ஒரு வகை. நாம் கொட்டை என்று தின்கிற பலவும் இந்த வகையில் சேராது. பாதாமும் பிஸ்தாவும் மாங்காயைப்போலச் சதையும் ஓடும் கொண்ட கனிகளின் விதைப் பருப்புகள். வேர்க்கடலை அவரை, துவரை குடும்பம். முந்திரியின் கதை இன்னும் விசித்திரம். போர்ச்சுகீசியர் பதினாறாம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம் அது. சிவப்பாகவும் மஞ்சளாகவும் தொங்குகிற முந்திரிப்பழம் உண்மையில் பழமல்ல, பருத்துப்போன காம்பு. அதன் நுனியில் துருத்திக்கொண்டிருக்கும் கொட்டைதான் பழம். கொட்டையின் தோட்டில் கையைப் பொத்துப்போகச் செய்யும் எண்ணெய். 'முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு வராதே' என்று குழந்தையை அதட்டுகிறோம். தாவர சாஸ்திரப்படி அது முந்திக்கொள்ளவில்லை. தன் இடத்தில்தான் இருக்கிறது. காம்புதான் பழ வேஷம் போடுகிறது.

முந்திரிக்கு நேர் எதிரானது அத்தி. எல்லாவற்றையும் உள்ளே வைத்துக்கொண்டது. 'அத்தி பூத்தாற்போல' என்று அபூர்வத்தைச் சொல்கிறோம், அத்தி பூத்து யாரும் பார்த்ததில்லை என்பதால். உண்மையில் அத்தி பூக்காத நேரமில்லை; நாம் பழம் என்று கையில் வாங்குவதே ஒரு பூங்கொத்துதான். பூத்தண்டு ஒரு பை மாதிரி உள்பக்கமாகக் குவிந்து மூடிக்கொண்டு, நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு பூக்கள் சுவரெல்லாம் உள்நோக்கிப் பூத்திருக்கின்றன. கடிக்கும்போது நறநறவென்று பல்லில் படுகிற மணிகளை விதை என்கிறோம். அவை ஒவ்வொன்றும் ஒரு பழம், விதையைத் தன்னுள் மூடிய குட்டிக் கொட்டைபோல. ஒரு அத்தியைத் தின்கிறவன் பழத்தைத் தின்று கொட்டையைப் போட முடியாது. போடுவதற்குத் தனியாக எதுவும் இல்லை. ஒப்பந்தத்தின் இரண்டாவது ஷரத்து இங்கே காணாமல் போய்விடுகிறது.

மூடிய பைக்குள் மகரந்தம் எப்படிப் போகிறது? எறும்பைவிடச் சிறிய ஒரு குளவி கொண்டுபோகிறது. அத்தியின் நுனியில் செதில்களால் அடைபட்ட ஒரு துவாரம். கருவுற்ற பெண் குளவி அதில் நெருக்கிக்கொண்டு நுழையும்போது பெரும்பாலும் இறகு பிய்ந்து உணர்கொம்பும் ஒடிந்துபோகும். நம் ஆற்றங்கரைகளில் அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாய்க் காய்க்கும் நாட்டு அத்தியில், உள்ளே போனவள் சில பூக்களில் முட்டையிடுகிறாள், சிலவற்றுக்கு மகரந்தம் தருகிறாள், அங்கேயே சாகிறாள். பூக்களில் ஒரு பங்கு குளவிக்குஞ்சுகளுக்குத் தொட்டிலாகிறது, இன்னொரு பங்கு விதையாகிறது. ஆண் குளவிகளுக்கு இறகே கிடையாது. வெளியே வராத பெண்களோடு கூடி, அவர்கள் போக வழி துளைத்துக் கொடுத்துவிட்டு, பெரும்பாலும் வெளிச்சத்தில் பறக்காமலே மடிகின்றன. பெண்கள் மகரந்தத்தோடு வெளியேறி அடுத்த அத்தியைத் தேடுகின்றன. கடுமையான வாழ்க்கைதான். ஆனால் இதில் பங்கீடு இருக்கிறது.

சீமை அத்தியில் பங்கீடு இல்லை. அதில் மரம் இரண்டு வகை. ஒன்று குளவி வளர்கிற மரம். அதன் அத்தியை மனிதன் விரும்பித் தின்பதில்லை. இன்னொன்று நாம் தின்கிற மரம். அதன் பூக்களில் சூல்தண்டு நீளம், குளவியின் முட்டையிடும் உறுப்பு எட்டாது. வெளியிலிருந்து குளவிக்கு வித்தியாசம் தெரியாது. இறகை இழந்து உள்ளே போனவள் முட்டையிட இடமின்றி ஒவ்வொரு பூவாக அலைந்து, அலைச்சலில் மகரந்தத்தை மட்டும் சேர்த்துவிட்டு, முட்டைகளோடு செத்துப்போகிறாள். அத்திப்பாலில் உள்ள ஃபிசின் என்ற நொதி உடலைக் கரைத்துவிடும் என்கிறார்கள். இங்கே விருந்தாளி யார், பூட்டை உடைத்தவன் யார்? நமக்கு நீட்டப்படுகிற இனிப்பு உண்மையானது. ஆனால் அதன் விலையைக் கொடுத்தது நீட்டுகிற மரமும் அல்ல, வாங்குகிற நாமும் அல்ல.

இது புதிதாகக் கண்டுபிடித்த ரகசியமும் இல்லை. காட்டு அத்தியிலிருந்து பூச்சிகள் புறப்பட்டுத் தோட்டத்து அத்திக்குள் போவதை அரிஸ்டாட்டில் எழுதிவைத்திருக்கிறார். துருக்கியின் ஸ்மிர்னாப் பக்கத்துக் குடியானவர்கள் காட்டு அத்தியைச் சரமாகக் கோத்துத் தோட்ட மரங்களில் தொங்கவிடுவார்கள். 1880களில் ஸ்மிர்னா அத்தியின் கொம்புகளைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோய் நட்டவர்களில் பலர் அந்தச் சரத்தைப் பட்டிக்காட்டு மூடநம்பிக்கை என்று ஒதுக்கினார்கள். மரங்கள் தழைத்தன, பிஞ்சுகள் எல்லாம் உதிர்ந்தன. 1899இல் குளவியைக் கொண்டுவந்து நிலைபெறச் செய்த பிறகே பழம் கிடைத்தது. கண்ணில் படாத உழைப்பை இல்லையென்று சொல்ல எவ்வளவு சுலபமாக மனசு வருகிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அத்தியைப் பிட்டுப் பார்த்தவர்கள் நம்மிடம் மூன்று விதமாக இருக்கிறார்கள். சாந்தோக்ய உபநிஷதத்தில் உத்தாலகர் மகனைக் கொண்டு ஆலம்பழத்தைப் பிட்கச் செய்கிறார். ஆலும் அத்தி இனந்தான். உள்ளே விதைகள், ஒரு விதையைப் பிளந்தால் ஒன்றும் தெரியவில்லை. அந்தத் தெரியாத ஒன்றிலிருந்துதான் இவ்வளவு பெரிய மரம் என்று உபதேசம் போகிறது. சமணர்கள் பிட்டுப் பார்த்து உயிர்களைக் கண்டார்கள். ஆல், அரசு, அத்தி முதலான ஐந்து பழங்களையும், மது, மாமிசம், தேன் ஆகியவற்றோடு சேர்த்து விலக்கினார்கள். அரிசியைத் தின்னலாம், அத்தியைத் தின்னக்கூடாது! பழம் குற்றமற்றது என்ற சௌகரியமான நம்பிக்கையை இதைவிடத் தீர்மானமாக யாரும் உடைத்ததில்லை. மூன்றாவது நம் பழமொழி. அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்று அது சொல்கிறது. ஆகவே பிட்காதே, மனிதர்களையும் ரொம்பக் கிண்டிப் பார்க்காதே என்ற தொனியில்தான் அதைப் பெரும்பாலும் பிரயோகிக்கிறோம். முதல் இரண்டும் பார்த்ததற்கு ஒரு பதில் வைத்திருக்கின்றன. மூன்றாவது பார்க்காமலிருப்பதையே பதிலாக வைக்கிறது. ஊரோடு ஒத்து வாழ அது உதவும். நானும் அந்தக் கட்சியில்தான் ரொம்ப நாள் இருந்தேன்.

இனி அந்த ஓலைப்பெட்டி. எங்கள் கிளையில் எழுதாத விதி ஒன்று உண்டு. வாடிக்கையாளர் பணம் நீட்டினால் லஞ்சம். தீபாவளிக்கு முந்திரி, பாதாம், பிஸ்தா அடைத்த டப்பா வந்தால் சந்தேகம். திருப்பிக் கொடுப்பது நல்லது. பழம் என்றால் மரியாதை; மறுத்தால் கொடுத்தவர் மனம் புண்படும். பழம், கொட்டை பாகுபாட்டை இவ்வளவு கறாராக அனுசரிக்கும் இடம் வேறெங்கும் இருக்காது. காரணமும் யோசித்தால் விளங்கும். பருப்பு கெடாது. சேர்த்துவைக்கலாம், விற்கலாம், கைமாற்றலாம். அது பணத்தின் ஜாதி. பாங்க் என்பதே கெடாத பொருளின் மேல் எழுந்த ஸ்தாபனம். பழம் நாளைக்கு நிற்காது. நிற்காததால் அதில் பேரம் இல்லை என்று நினைக்கிறோம்.

கிராமத்திலிருந்து ஒரு வயதான அம்மாள் வந்தார். இறந்துபோன கணவர் பேரில் சேமிப்புக் கணக்கு. 4,000 ரூபாய்ச் சொச்சம் இருந்தது. நாமினி இல்லை. முதல் தடவை வந்தபோது பாஸ்புக்கில் உள்ள பெயரும் இறப்புச் சான்றில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை என்பது என் கண்ணில் பட்டது. இருவரும் ஒருவரே என்று வி.ஏ.ஓ.விடம் எழுதி வாங்கிவரச் சொல்லிப் பேப்பர்களைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிவந்தார். இரண்டாவது தடவை பார்த்தபோது வாரிசுச் சான்றில் பெயருள்ள மகனின் கையெழுத்து இல்லை. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. மறுபடியும் போகச் சொன்னேன். மூன்றாவது தடவை எல்லாம் சரியாக இருந்தது. அவருடைய பணத்தை அவரிடம் கொடுத்தோம்.

போகும்போது கௌண்டரில் ஓலைப்பெட்டியை வைத்தார். வீட்டுக் கொல்லையில் நின்ற சீமை அத்தியில் பழுத்தவை, இலை போட்டு மூடியிருந்தது. எடுத்துக்கொண்டு போங்கம்மா என்றேன்.

"பழந்தானே சாரு, வாங்கிக்கிடுங்க. பிள்ளைகளுக்குக் குடுங்க."

வாங்கிக்கொண்டேன். அவர் போன பிறகு, அதே பக்கத்து ஊர்க்காரரான எங்கள் பியூன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இது சந்தைக்குக் கட்டினதுல்ல சார், இன்னிக்கு வியாழனாச்சே" என்றார். காலையிலேயே இங்கே வந்து உட்கார்ந்ததில் சந்தை போய்விட்டது. மறுநாள்வரை அந்தப் பழம் தாங்காது. அவர் எனக்குக் கொடுத்தது, நான் அவரை விற்கவிடாமல் செய்ததைத்தான்.

அன்று ராத்திரி வீட்டில் அந்த அத்திகளை ஒவ்வொன்றாகப் பிட்டுப் பார்த்தேன். குளவியைப் பற்றிப் படித்திருந்த புதிது. விளக்கு வெளிச்சத்தில் சிவந்த சதையும் மணிகளும்தான் தெரிந்தன. புழு இல்லை, இறகு இல்லை. நம் நாட்டில் பயிராகும் சீமை அத்தி பெரும்பாலும் குளவியின் தயவில்லாமலே பழுக்கிற வகை, கொம்பை ஒடித்து நட்டுப் பெருக்குவது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். ஆக அந்தப் பழத்தில் எந்தச் சாவும் இல்லை. நான் தேடின இடத்தில் குற்றம் இல்லை. ஒரு வியாழக்கிழமைதான் இருந்தது. அதற்கு முன் இரண்டு பஸ் பயணங்களும் இருந்தன. முதல் நாள் ஒரு குறை கண்ணில் பட்டதும் நான் மேற்கொண்டு புரட்டவில்லை. அடுத்த தாளைத் திருப்பியிருந்தால் மகனின் கையெழுத்து விஷயத்தையும் அப்போதே சொல்லியிருக்கலாம். அவர் ஒரு தடவை குறைவாக வந்திருப்பார். பழத்தைப் பிட்டுப் பார்த்த கவனத்தில் பாதி போதும், அந்த நாலு தாளைப் புரட்டிப் பார்க்க.

இதிலிருந்து எனக்குத் தெளிவாவது இதுதான். 'கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன்' என்பது குற்றமின்மைக்குச் சாட்சியமாகாது. பறித்ததா கொடுத்ததா என்று மட்டும் கேட்பது பழமா கொட்டையா என்று கேட்பதைப் போன்றது. தின்கிறவன் தன் சௌகரியத்துக்காக வகுத்த கேள்வி. கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லாத நிலையில் ஒருவர் கொடுக்கலாம். கெட்டுப்போகுமுன் கொடுத்துவிடுவோம் என்று கொடுக்கலாம். அந்த நிலைக்கு அவரைக் கொண்டுவந்தவனே கைநீட்டி வாங்குகிறவனாகவும் இருக்கலாம். கொடுப்பவர் முகத்தில் இருந்த பிரியம் பொய் என்று நான் சொல்லவில்லை. அது உண்மையாக இருந்ததால்தான் எனக்கு வேறெதையும் கேட்கத் தோன்றவில்லை.

எழுதுகிற நம் கூட்டத்துக்கும் இது பொருந்தும். 'வாழ்க்கை கொடுத்த அனுபவம்' என்று பேசுகிறோம். யாருடைய வாழ்க்கை, என்ன விலைக்கு என்று கேட்பதில்லை. கதையில் வருகிற கிழவி நமக்குத் தன் துயரத்தைப் பழம்போல நீட்டினாள், நாம் கலையாக்கினோம் என்பதில் ஒரு விரத தினத்து நிம்மதி இருக்கிறது. பலகாரம் தின்கிற நிம்மதி. இந்தக் கட்டுரையில் அந்த அம்மாளை நான் இன்னொரு தடவை தின்கிறேனோ என்ற சந்தேகம் எழுதும்போதே இருந்தது. இல்லையென்று என்னால் சாதிக்க முடியவில்லை. பெயரையும் ஊரையும் எழுதாமல் விட்டது மட்டும் செய்தேன். அது போதும் என்றும் நினைக்கவில்லை.

சமணர்களைப்போல விலக்கிவிடுவது ஒரு வழி. அதில் எனக்கு மரியாதை உண்டு, என்னால் ஆகாது. கௌண்டரில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன் யாருடைய வியாழக்கிழமையையும் தொடாமல் இருந்துவிட முடியாது. திருப்பிக் கொடுப்பது இன்னொரு வழி. கணக்கு முடிந்துவிட்டதால் அவர் அதன் பிறகு வரவில்லை. அடுத்த வாரம் பெர்மிஷன் போட்டுச் சந்தைக்குப் போய்ப் பழத்துக்குப் பணம் கொடுக்கலாமா என்று யோசித்தேன். கொடுத்தால் அவர் கொடுத்ததை விலைக்கு வாங்கியதாகிவிடும். அதுவும் என் மனசு ஆறுவதற்காகத்தான். போகவில்லை.

செய்தது ஒன்றுதான். இறந்தவர் கணக்குக்கு என்னென்ன வேண்டும் என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதி நகல் எடுத்து வைத்திருக்கிறேன். யார் வந்தாலும் எல்லாத் தாள்களையும் கடைசிவரை புரட்டி, குறைகளை ஒரே சீட்டில் குறித்துக் கொடுக்கிறேன். பெரிய காரியமில்லை, என் வேலையே அதுதான். அந்த அம்மாளுக்கு இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் கொட்டையைப் போடுகிறவன் பழம் பறித்த மரத்தடியில் கொண்டுபோய்ப் போடுவதில்லை. போகிற வழியில் எங்கோ போடுகிறான். அங்கே எது முளைக்கிறதோ, அதன் நிழல் வேறு யாருக்கோ. மரத்தின் கடன் அப்படியே நிற்கிறது.